புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

அன்புள்ள மகன் தண்டபாணிக்கு,

உன் சட்டையில் குத்தியிருக்கிற பித்தளை வில்லையில் 'டேன்' என்று போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் அவனுக்கு இல்லை. அவன் யார் பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரியாது. பழனியில் முடி இறக்கி, காது குத்தி, நானும் உன் அப்பாவும் சாமி பெயரையே வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. வாசுகி கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். அவள் படிக்கலாம், வத்தலக்குண்டில் அவள் அப்பா படிக்கலாம், உன் ஹோட்டலில் யார் கையில் கிடைத்தாலும் உட்கார்ந்து படிக்கட்டும். மறைக்க வேண்டியது எதுவும் இந்த வீட்டில் இருந்ததில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் போனில் நீ அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். "ஒரு பழைய இரும்புக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதம்மா. குடுத்துட்டா சோலி முடிஞ்சுது." கொடுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியைப் படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் நீ படிப்பாய். சின்ன வயதிலிருந்தே திட்டு வாங்குவதென்றால் முழுசாக நின்று வாங்குவாய், பாதியில் ஓட மாட்டாய். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். இப்போதும் அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு மாமனாராகப் போகிறவர் வீட்டில் நீ வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய் என்று கேள்வி. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம் கூடிவிட்டது என்றாயாம். வயதானது உண்மை. பிடிவாதம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருக்கிறது, உன் அப்பா இருந்தால் சாட்சி சொல்வார். தை பிறந்தால் உனக்கும் வாசுகிக்கும் கல்யாணம். நீ வேலை பார்க்கிற ஹோட்டல் புல்வெளியில் வைத்துக்கொள்ளலாம், முதலாளி இடத்தைச் சும்மாவே தருகிறார் என்றாய். இடத்தைப் பார்க்கத்தான் நானும் வாசுகியும் அன்று கொடைக்கானல் வந்தோம். புல்வெளி நன்றாகத்தான் இருந்தது. குளிருக்கு இதமாக இருக்கும், உள்ளே வாருங்கள் என்று நீதான் ஹாலுக்குள் கூட்டிப் போனாய். கணப்பு அடுப்புக்கு மேலே அந்தப் பெரிய போட்டோ. நாற்காலியில் ஒரு துரை, மடியில் குறுக்காக ஒரு துப்பாக்கி. போட்டோவுக்குக் கீழே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. அதில் இங்கிலீஷில் வெட்டியிருந்ததை நான் நின்று படித்தேன். இந்தப் படத்தில் இருக்கும் துப்பாக்கியை இந்த வீட்டின் மலைவாசிக் காவலாள் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று இருந்தது.

அந்தக் காவலாள் உன் பூட்டன், உன் தாத்தாவைப் பெற்றவர். வெயில் காலத்தில் மட்டும் துரை குடும்பம் மேலே வரும். மற்ற மாதமெல்லாம், இப்போது உன் ஹோட்டலாகிவிட்ட அந்தப் பங்களாவை மழையிலும் பனியிலும் காவல் காத்தவர் அவர். எங்கள் வீட்டில் அந்தத் துரை கொடுத்த துப்பாக்கி இருக்கிறது என்று உன் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னது நீ. அதைக் கேட்டுவிட்டு அவர் 'கொடுத்த' என்பதை எடுத்துவிட்டுத் 'திருடிய' என்று வைத்துக்கொண்டார், விருந்தாளிகளுக்குச் சொல்ல ஒரு கதை ஆயிற்று. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "அது சும்மா கெஸ்ட்டுக்காகம்மா, யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க" என்றாய். நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். மரியாதையான ஆள்தான், குரலை உயர்த்தவே இல்லை. "உக்காருங்கம்மா. நான் கேஸ் கீஸ்னு போற ஆளில்ல. இது ஹெரிடேஜ் ப்ராப்பர்ட்டி, பங்களாவோட பொருள் பங்களாவுக்கு வரணும், அவ்வளவுதான். தம்பி நம்ம பையன். கல்யாணத்தன்னைக்கு நீங்களே உங்க கையால குடுத்துருங்க, ஃபோட்டோ எடுத்து மாட்டிருவோம்" என்றார். பெற்ற மகன் கல்யாணத்தில், வந்த சனம் பார்க்க, திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்கிற ஆளாக நான் நிற்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. கையில் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

திருட்டுத் துப்பாக்கியாம். நம் வீட்டில் அது பட்ட பாடு உனக்குத் தெரியாதா? எந்தத் தேர்தல் வந்தாலும் லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். உன் அப்பா அதைப் போர்வையில் சுற்றி, காலை பஸ்ஸில் கொடைக்கானலுக்கு எடுத்துப் போவார். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அழுது அடம்பிடித்துக் கூடவே போனாய். கண்டக்டர், "என்னண்ணே சுருட்டிக் கெடக்கு, லக்கேஜ் போடவா?" என்று கேட்க, நீ பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எங்க பூட்டன் துப்பாக்கி! லக்கேஜ் இல்ல!" என்று கத்தினாயாம். அப்பா அதைச் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். அவர் போன பிறகு நான் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாக நடந்து லைசென்ஸை என் பெயருக்கு மாற்றினேன். பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று அங்கே ஒருத்தர் கேட்டார். பூண்டு போட்டிருக்கிறேன், காட்டுப்பன்றி ஆம்பளை பொம்பளை பார்த்து வருவதில்லை என்றேன். இன்றுவரை ஒரு தோட்டா நான் சுட்டதில்லை, பன்றிக்கும் காட்டெருமைக்கும் பட்டாசுதான். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் நானேதான் அதே பஸ்ஸில் எடுத்துப் போகிறேன். திருட்டுப் பொருள் தானாகப் பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வருமா என்று உன் முதலாளியிடம் கேட்கிற அளவுக்குக்கூட உனக்கு வாய் வரவில்லை.

சரி, இப்போது அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். நீ அதன் மேல் சந்தனம் வைத்திருக்கிறாய், ஆனால் அதைப் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடமாக ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைத் துடைப்பது என் வேலை. மண்வெட்டி, அரிவாள், பூண்டு கிளறுகிற கொத்து, குத்துவிளக்கு எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது துப்பாக்கிக் குழலையும் சேர்த்துத் தேய்ப்பேன். எனக்கு முன்னால் என் மாமியார், அவருக்கு முன்னால் அவர் மாமியார், எல்லோரும் அப்படித்தான். வெள்ளிபோல் பளபளக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி முன்னால் வைக்க முடியாது. அப்புறம் உன் அப்பா வந்து, குழல் பின்பக்கம் முடிகிற இடத்தில் மேலே தெரிகிற இரண்டு சின்னப் புள்ளிகளில் குங்குமம் வைப்பார். அந்த இரண்டு புள்ளியும் சுற்றியிருக்கிற இரும்பைவிட நிறம் வேறு, கொள்ளு அளவில் இருக்கும். "தொரையே பொட்டு வைக்க எடம் விட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்பார். நாமும் சிரித்துக்கொண்டே வருடா வருடம் அங்கே பொட்டு வைத்தோம்.

இந்த மாதிரித் துப்பாக்கிகளைச் சேர்க்கிறவர்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் இப்போது போனில் படிக்க முடிகிறது. நான் கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டாவது வரை இங்கிலீஷில் படித்தவள் என்பதை நீ அடிக்கடி மறந்துவிடுகிறாய். படித்ததும் முதலில் தெரிந்தது, குழலைத் தேய்ப்பது மகா பாவம் என்று. இரட்டைக் குழல் துப்பாக்கியில், செய்தவன் பெயரும் ஊரும் இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடுகிற பட்டையில் வெட்டியிருக்குமாம். நம்முடையதில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மூன்று தலைமுறை மருமகள்கள் புளி போட்டுப் பெயரைத் துடைத்துவிட்டோம். வேறு குடும்பமாக இருந்தால் இந்த இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரவில்லை. பெயரை நம்பிப் பயனும் இல்லையாம். பெயர் பெரும்பாலும் விற்ற கடைக்காரன் பெயர், செய்தவன் பர்மிங்காமில் ஏதாவது ஒரு பட்டறையில் இருந்திருப்பான், பெரிய கடைகளின் பெயரைப் பொய்யாக வெட்டி விற்றவர்களும் உண்டாம். நம்மிடம் பூண்டு வாங்க வருகிறவன் மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்றா பார்க்கிறான்? வேரையும் தோலையும் பார்த்து இது மலைப்பூண்டு, இது வேறு என்று சொல்கிறான். நானும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குச்சியால் இடித்துச் சுட்டார்கள். பிற்காலத்தில் பின்பக்கம் மடக்கித் தோட்டாவைச் செருகினார்கள், இன்றைக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் முப்பது வருடம்போல ஒரு தடுமாற்றக் காலம் இருந்தது, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை என்று வைத்துக்கொள். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு மாதிரி செய்து பார்த்தது, எது நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்துத் துப்பாக்கி நம்முடையது. முதலில் வந்த தோட்டாவுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசி வெளியே தெரிய, குழலின் பின்முனையில் மேலே ஒரு சின்ன வெட்டு வைத்திருப்பார்கள். குதிரை என்று சொல்கிற சுத்தி மேலிருந்து விழுந்து ஊசியை அடித்தால் தோட்டா வெடிக்கும். அறுபதுகள் முடிவதற்குள் நடுவில் அடிக்கிற தோட்டா வந்து ஊசித் தோட்டாவை ஓரங்கட்டிவிட்டது. புதுத் துப்பாக்கி வாங்க மனமில்லாதவர்கள் பழையதையே மாற்றிக்கொண்டார்கள், அந்த வெட்டுகளை இரும்பு வைத்து அடைத்து, தோட்டாவின் நடுவில் குத்துகிற முள் ஒன்றைப் பின்னால் வைத்து. தண்டபாணி, உன் அப்பா ஆயுசு முழுக்கக் குங்குமம் வைத்தாரே, அந்த இரண்டு புள்ளிதான் அந்த அடைப்பு. புளி போட்டுத் தேய்த்ததால்தான் பழைய இரும்பும் புது இரும்பும் நிறம் பிரிந்து அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பெயரை அழித்தது நாம்தான், அடையாளத்தைத் துலக்கியதும் நாம்தான். அன்று பூஜை அறையில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உன் அப்பா எனக்குத் துப்பாக்கியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தபோது, "ஏய், மொதல்ல ரெண்டு குதிரையையும் பாதி தூக்கு, அப்புறந்தான் லீவர திருப்பணும், இல்லைன்னா தெறக்காது" என்று அதட்டினார். எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடித்த குதிரை தானாகப் பாதி பின்வாங்கி நிற்கிற பூட்டு அறுபதுகளின் கடைசியில் வந்துவிட்டது, அதன் பிறகு நல்ல துப்பாக்கிகளில் எல்லாம் அதுதான். நம்முடையதில் அது இல்லை. திறக்கிற லீவர் விசைக்குக் கீழே சுற்றி வருகிறது. அதுவும் பழைய வழக்கம், பிறகு லீவர் கட்டை விரலுக்கு எட்டுகிற மாதிரி மேலே போய்விட்டது. குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையை ஒரு தட்டையான செருகாணிதான் பிடித்திருக்கிறது, வாய் வழியாக மருந்து போட்ட காலத்துத் துப்பாக்கியில் இருப்பது மாதிரியே. அந்த ஆணியை நம் வீட்டில் யாரும் தொட்டதில்லை. வருடா வருடம் வைத்த சந்தனம் அதைச் சுற்றி இறுகிக் கல்லாகிவிட்டது, துரை அடித்த ஆணியைக் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று உன் தாத்தா வேறு சொல்லி வைத்திருந்தார். நான் அதை மதுரையில் லைசென்ஸ் துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். "ஏம்மா, இதக் கழட்டாமலேயா இவ்வளவு காலம் ஓட்டுனீங்க? இனிமே இத வச்சுச் சுட்டுராதீங்க, இந்தக் காலத்துத் தோட்டாவ இந்தக் குழல் தாங்காது" என்றார். நான் சுடப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்றேன்.

கட்டை வந்துவிட்டது. அடியில், புளியே படாத இடத்தில், குழல் இன்னும் பழைய பழுப்பு நிறத்தில் இருந்தது. அந்தப் பழுப்புக்குள் சுருள் சுருளாக ஒரு கோலம், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து அடித்துக் குழலாக்கியதன் அடையாளம். குழலின் பின்முனையில் அடிப்பக்கம் சோதனை முத்திரைகள், கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல். அது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை, லண்டன் இல்லை. எண்பதுகளின் கடைசியில் வந்த சாய்சதுர முத்திரை ஒன்று உண்டு, தோட்டா உட்காருகிற அறையின் அளவைச் சொல்வது. அது நம்முடையதில் இல்லவே இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அறுபதுகளின் முதல் பாதியில் ஊசித் தோட்டாவுக்காகச் செய்தது, சில வருடம் கழித்து மாற்றியது. எந்த வருடம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயரும் எண்ணும் போய்விட்ட துப்பாக்கிக்கு வருடம் சொல்கிறவன் உன்னிடம் எதையோ விற்கப் பார்க்கிறான்.

இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தேன். பையில் லைசென்ஸ், போர்வைக்குள் துப்பாக்கி, வழியில் வத்தலக்குண்டிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட வாசுகி. ஹால் மேசை மேல் போர்வையை விரித்தேன். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது, கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "போட்டோவ ஒரு தடவ நல்லாப் பாருங்க சார்" என்றேன். "தொரை மடியில இருக்கிற துப்பாக்கிக்குக் குதிரை எங்க இருக்கு?" அவர் பார்த்தார். நீயும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாய், உன் முகத்தில் தெரிந்தது. தினமும் அதற்குக் கீழே நின்று எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பாய். அந்தத் துப்பாக்கிக்கு மேலே ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, வழவழவென்று மொட்டையாக இருக்கிறது. குதிரையை உள்ளே ஒளித்துச் செய்த பிற்காலத்துத் துப்பாக்கி அது. நம்முடையதில் இரண்டு குதிரையும் ஆட்டுக் கொம்பு மாதிரி விறைத்து நிற்கின்றன.

அவர் லேசில் விடவில்லை. "குதிரைய அப்புறமா யாராவது வச்சிருக்கலாம்லம்மா?" என்றார். உள்ளே குதிரை வைத்துச் செய்ததில் வெளியே குதிரை வைப்பதற்கு மொத்தத் துப்பாக்கியையும் புதிதாகச் செய்ய வேண்டும், அதை யாராவது செய்திருந்தாலும் அதற்கு முப்பது வருடத்துக்கு முந்தின ஊசி வெட்டு எப்படி வரும் என்று கேட்டேன். செருகாணியைத் தட்டிக் கழற்றி, முத்திரையைக் காட்டி, அடைத்த புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். குழல் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர், "ஐயோ, இப்பிடி நாசம் பண்ணி வச்சிருக்கீங்களேம்மா" என்றார். "எங்க வீட்டுக்கு வந்த எதையும் நாங்க புளி போட்டுத் தேய்ச்சுத்தான் சாமி முன்னாடி வைப்போம் சார். தொரை குடுத்தாலும் சரி, சந்தையில வாங்குனாலும் சரி" என்றேன்.

அப்போது நான் இன்னொன்றும் சொன்னேன், அது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். காட்டெருமைக் கதையை நானே அங்கே கீழே போட்டேன். "காட்டெரும முட்ட வந்துச்சு, எங்க தாத்தன் குறுக்க பாஞ்சாரு, தொரை கண்ணுல தண்ணி விட்டு, இந்தான்னு துப்பாக்கியக் கையில குடுத்தான்" என்று உன் அப்பா வருடா வருடம் சொல்வாரே, அது. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் துப்பாக்கி அப்படிச் சொல்லவில்லை. துரை புதிது வாங்கியிருக்கிறான், போட்டோவில் இருப்பது. அவன் அப்பனோ சித்தப்பனோ வைத்திருந்த, ஊரில் யாரும் சீண்டாத பழையது சும்மா கிடந்திருக்கிறது. காவலாளுக்கு அது போதும் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், பழைய கோட்டைக் கொடுக்கிற மாதிரி. இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று உன் முதலாளியிடமே சொன்னேன். நம் பெருமைக்காகச் சொன்ன பொய்யை நான் வைத்துக்கொண்டு, அவர் வியாபாரத்துக்காகச் சொல்கிற பொய்யை மட்டும் எடுக்கச் சொன்னால் நியாயமா? கழித்துக் கட்டிய ஒன்றை வாங்கி, நூறு வருடத்துக்கு மேல் துருப் பிடிக்காமல், லைசென்ஸ் தவறாமல், ஒரு உயிரையும் தப்பாகச் சுடாமல் வைத்திருந்தோம். அந்தப் பெருமை எனக்குப் போதும், காட்டெருமை வேண்டாம்.

உன் முதலாளி குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது, "அப்ப இது இன்னும் பழசு. என்ன விலைன்னு சொல்லுங்கம்மா." விலைக்கு இல்லை என்றேன். தகட்டைக் கழற்றுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "அது இருந்துட்டுப் போகட்டுமே. கெஸ்ட் எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னுதான் ஃபோட்டோ எடுக்கிறாங்க. உங்க தாத்தா பேரா போட்டிருக்கு?" பெயர் போடவில்லைதான். அந்த மலையில் அந்தப் பங்களாவுக்கு ஒரே காவலாள்தான் இருந்தார். அந்த இடத்தில் நீ பேசுவாய் என்று நான் எதிர்பார்த்தேன். வாசுகியும் உன்னைத்தான் பார்த்தாள். நீ காபித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாய். "அம்மா, காபி ஆறுது" என்றாய்.

அந்தக் காபியை நான் குடிக்கவில்லை. கார் நிறுத்துகிற இடம் வரை பின்னாலேயே வந்து, "ஏம்மா இப்பிடி என் மானத்த வாங்குற?" என்று கேட்டாய். யார் மானம், எங்கே தொங்குகிறது என்று உனக்கே தெரியும். வலித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ரொம்ப வலித்தது. பஸ்ஸில் மூன்றாம் வகுப்புப் பையனாக நீ கத்தியதை நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். நீ கெட்டிக்காரன், இந்த மலையில் ஹோட்டலுக்கா பஞ்சம்? போனால் போகட்டும், பூண்டு நடவு இருக்கிறது, வந்து குனிந்து நிமிர்ந்து பார். புல்வெளி இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காதா? வாசுகியின் அப்பாவிடம் பேசிவிட்டேன், வத்தலக்குண்டிலேயே மண்டபம் பார்த்தாயிற்று. அவர் கமிஷன் கடையில் தினமும் நூறு பேரிடம் பேரம் பேசுகிறவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சம்பந்தி, அந்தப் புல்லுல கால வைக்கவே கூசுதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இன்னொரு சங்கதி. இந்த வாரம் லீவு போட்டுவிட்டு வாசுகி தனியாக நம் ஊர் கவுஞ்சிக்கு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் இல்லையா, தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாதுபோல. "அத்தை, அன்னைக்குச் சரியாப் பாக்க முடியல. அந்தக் கட்டைய நான் கழட்டலாமா?" என்றாள். எந்தப் பக்கமிருந்து ஆணியைத் தட்ட வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். கழற்றினாள், முத்திரைகளைக் கையால் தடவிப் பார்த்தாள், பழையபடி மாட்டினாள், குதிரையைப் பாதி தூக்காமல் லீவரைத் தொடவில்லை. போர்வையில் சுற்றி வைத்துவிட்டு, "இதுக்கு அடுத்த லைசென்ஸ் யாரு பேருல அத்தை?" என்று கேட்டாள். கல்யாணம் முடிந்ததும் அவள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்கப் போகிறேன். மருமகளும் வாரிசுதான், விசாரித்துவிட்டேன். இந்த வீட்டில் துப்பாக்கியைத் தேய்த்தது எப்போதும் மருமகள்கள்தான், ஒருத்தி பெயரில் அது இருந்தால் என்ன? இனி அவள் தேய்க்க மாட்டாள், எண்ணெய்தான் போடுவாளாம். நீ வேண்டுமானால் பக்கத்தில் நின்று அந்த ஆணியைப் பிடித்துக்கொள்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஆனால் நீ கெட்டவன் இல்லை, பயந்திருக்கிறாய். அதற்கு மருந்து அந்த ஹாலிலேயே இருக்கிறது. அந்தத் தகட்டை நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நாலு மூலையிலும் சாதாரணத் திருகாணிதான், ரிசப்ஷன் மேசை இழுப்பறையில் திருப்புளி இருப்பதும் எனக்குத் தெரியும். துப்பாக்கியைத் தூக்கச் சொல்லவில்லை, திருப்புளியைத் தூக்கு. பகலில், விருந்தாளிகள் நிறைந்திருக்கும்போது, உன் முதலாளி முன்னாலேயே கழற்று. "இதுல திருடன்னு போட்டிருக்கிறது எங்க பூட்டன" என்று, பஸ்ஸில் கத்தின அதே குரலில் சொல்.

கழற்றினதைத் தூக்கி எறிந்துவிடாதே, அவருடைய பித்தளையை நாம் எடுத்துக்கொண்டோம் என்றும் ஒரு தகடு அடிப்பார். பித்தளைக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு, கையோடு வீட்டுக்குக் கொண்டு வா. சட்டையில் இருக்கிற வில்லையையும் சேர்த்துக் கொண்டு வா. புளியும் சாம்பலும் நான் எடுத்து வைக்கிறேன். வெட்டின எழுத்து அழிய மூன்று தலைமுறை ஆகும். ஆகட்டும், முதல் தேய்ப்பு நீ தேய்.

இப்படிக்கு,
தண்டபாணியின் அம்மா,
கவுஞ்சி